பஸ் ஆன்ட்டி செய்த செயலி

சிங்கப்பூரின் மார்சிலிங்கில் காலை ஐந்தே முக்காலுக்குப் புறப்படும் அந்தப் பள்ளிப் பேருந்தில் மொத்தம் இருபத்திரண்டு பிள்ளைகள். அவர்களை ஏற்றி உட்காரவைத்து, இருக்கைவார் மாட்டி, பள்ளி வாசலில் எண்ணி இறக்கிவிடுவது மைமூனின் வேலை. வயது ஐம்பத்திரண்டு. உயர்நிலை இரண்டோடு படிப்பை விட்டவர். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அவர் ‘பஸ் ஆன்ட்டி’.

பிள்ளைகளைச் சமாளிப்பது அவருக்குப் பெரும்பாடு இல்லை. உயிரை வாங்கியது கைப்பேசிதான். “ஆன்ட்டி, பஸ் எங்க வருது?” ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மூன்று நான்கு அழைப்பு. மழை பிடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பிப்ரவரியில் ஒரு நாள் பள்ளி வாசலில், தண்ணீர்ப் போத்தலை மறந்த பிள்ளையின் தாய்க்குப் போனில் சமாதானம் சொல்லிக்கொண்டே மறுகையால் இறங்கும் தலைகளை எண்ணினார். சரியாக இருந்ததாகத்தான் நினைத்தார். ஓட்டுநர் ரமணன் கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பினார். இரண்டு சிக்னல் தாண்டியிருக்கும். கடைசி இருக்கையிலிருந்து ஒரு சின்னக் குரல்.

“ஆன்ட்டி, ஸ்கூல் வந்துடுச்சா?”

தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் இன்ஷா. அசந்து தூங்கியிருக்கிறாள். ரமணன் உடனே வண்டியைத் திருப்பினார். மணி அடிக்குமுன் பிள்ளை வகுப்புக்குப் போய்விட்டாள். ஆனால் மைமூன் அன்று முழுதும் கடைசி இருக்கைவரை நடந்து நடந்து பார்த்தார். அவள் விழிக்காமல் இருந்திருந்தால்? பூட்டிய பஸ், உச்சி வெயில்… அதற்கு மேல் நினைக்க மனம் துணியவில்லை. சாயங்காலம் இன்ஷாவின் தாயிடம் நடந்ததைத் தானே சொன்னார். அந்தப் பெண் கோபப்படாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் இன்னும் வலித்தது.

பஸ் எங்கே வருகிறது என்று காட்ட நிறுவனத்தில் ஒரு செயலி இருக்கத்தான் செய்தது. வெளியே எங்கோ செய்து வாங்கியது. ஒரு நிறுத்தத்தை மாற்றவேண்டுமானால் அலுவலகத்துக்கு எழுதவேண்டும், அலுவலகம் அதைச் செய்தவர்களுக்கு எழுதும், இரண்டு வாரம் ஓடிவிடும். அதில் இன்னமும் போன வருடத்து நிறுத்தங்களே இருந்தன. பெற்றோர் அதை ஒருமுறை பார்ப்பார்கள், பிறகு மைமூனைத்தான் அழைப்பார்கள்.

அந்த வாரக் கடைசியில் மீன் வாங்கத் தேக்கா சந்தைக்குப் போனவர், ஒரு சுவரொட்டியைப் பார்த்து நின்றார். ‘நிரல் எழுதத் தெரியாதவர்களும் செயலி செய்யலாம். நான்கு சனிக்கிழமை.’ வகுப்பு பக்கத்துச் சமூக மன்றத்தில், இன்னும் பத்து நிமிடத்தில் தொடக்கம். மீன் பையோடே போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் மெல்ல நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

திரையில் வண்ண வண்ணத் துண்டுகள். ‘இந்தப் பொத்தானை அழுத்தினால்’ என்றொரு துண்டு, ‘இந்தச் செய்தியை அனுப்பு’ என்று இன்னொன்று. இழுத்துக் கோத்தால் ஒட்டிக்கொள்ளும். பொருந்தாதது எகிறிப்போகும். ‘புதுசா வேலைக்கு வந்த ஆளுக்குச் சொல்ற மாதிரி ஒண்ணொண்ணா சொல்லணும், அவ்ளோதானே?’ என்று மைமூனுக்குப் பட்டது. புது ஆட்களைப் பழக்கியே அவருக்குப் பதினோரு வருடம்.

நான்காவது சனிக்கிழமைக்குள் அவருடைய செயலி தயார். ஒரு நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரே ஒரு தட்டு. அடுத்த நிறுத்தத்துப் பெற்றோருக்குச் செய்தி பறக்கும். பள்ளியில் பிள்ளைகள் இறங்க இறங்க ஒவ்வொரு பேரையும் தொட்டுப் பச்சையாக்கவேண்டும். ஒரு பேர் பாக்கியிருக்கும்போது மூடப் பார்த்தாலும் கைப்பேசி ஊளையிடும்.

முதல் நாள் ஒரு தகப்பனார் அழைத்தார். “ஆன்ட்டி, பஸ் வருதுன்னு நாப்பத்தேழு மெசேஜ் வந்துருக்கு. எத்தனை பஸ் லா வருது?”

ரமணன் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். சேர்ந்து வேலை பார்த்த இரண்டு வருடத்தில் அவர் சிரித்து மைமூன் பார்த்ததில்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டு மைமூன் கோப்பிக் கடையில் உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். வாங்கிய தே தாரிக் தேநீர் ஆறிப்போனது. அனுப்பும் துண்டு, ‘திரும்பச் செய்’ என்ற துண்டின் வயிற்றுக்குள் மாட்டியிருந்தது. வெளியே இழுத்துப் போட்டார். மறுநாள் வீட்டுக்கு ஒரே ஒரு செய்திதான் போனது. வாரம் முடிவதற்குள் அழைப்புகள் ஓய்ந்தன.

விஷயம் அலுவலகத்துக்கும் எட்டியது. மேலாளர் ஜாஃபர் கூப்பிட்டனுப்பினார்.

“மைமூன்க்கா, யாரைக் கேட்டு செஞ்சீங்க? பிள்ளைங்க பேரு, பேரன்ட்ஸ் நம்பரு எல்லாம் இதுல இருக்கு. போன் தொலைஞ்சா என்ன பண்ணுவீங்க?”

கேள்வி நியாயமானது. மைமூனுக்கு முகம் சுருங்கிப்போனது. “மூணு நாள் குடுங்க தம்பி” என்று மட்டும் சொன்னார். பெயர்கள் இருந்த இடத்தில் இருக்கை எண்களைப் போட்டார். தொலைபேசி எண்களைக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் வைத்தார். நான்காம் நாள் ஜாஃபரின் மேசையில் கைப்பேசியை வைத்தார். ஜாஃபர் வேண்டுமென்றே ஓர் இருக்கையைப் பச்சையாக்காமல் விட்டு மூடப் பார்த்தார். கைப்பேசி ஊளையிட, அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“யா அல்லா! சத்தத்தைக் கொறைக்க முடியாதா?”

“முடியும் தம்பி. ஆனா கொறைக்க மாட்டேன்.”

ஜாஃபர் கைப்பேசியை அவரிடம் திருப்பித் தந்தார். பிறகு, “தெம்பனிஸ் ரூட்டுக்கும் குடுங்க” என்றார்.

தெம்பனிஸ் வண்டியில் பஸ் ஆன்ட்டியாக இருந்தவர் லட்சுமி. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பேருந்து. அவர்களில் பாதிப்பேர் சக்கர நாற்காலியில் வருபவர்கள். மைமூன் தன் செயலியை அப்படியே பிரதி எடுத்துக் கொடுத்தார். “உங்களுக்கு எது வேணுமோ மாத்திக்குங்க, கெட்டுப்போனா என்கிட்ட இன்னொண்ணு இருக்கு” என்றார். லட்சுமி முதலில் தொடவே பயந்தார். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, “அக்கா, இந்த மஞ்சத் துண்டு எதுக்கு?” என்று மட்டும் கேட்டு வந்தார். கடைசியில் அதுவும் நின்றது.

ஜூன் விடுமுறைக்கு முன் ஒருநாள் மைமூன் அந்த வண்டியில் ஏறிப் பார்த்தார். லட்சுமியின் செயலி அடையாளமே தெரியவில்லை. எழுத்தே இல்லை, எல்லாம் படம். முன்வரிசையில் அதீஃப் என்ற பையன்; பேச்சு வராது. வண்டி நகர்ந்தாலே அழுவானாம். அவனுக்கென்று லட்சுமி தனியாக ஒரு பக்கம் செய்திருந்தார்: திரை நிறைய ஒரே ஒரு பச்சைப் பேருந்து.

எல்லோரும் ஏறியாயிற்று. லட்சுமி அந்தப் பக்கத்தை அதீஃபிடம் காட்டினார். ஓட்டுநர் கைகட்டிக் காத்திருந்தார். அதீஃப் யோசித்தான், மைமூனை ஏற இறங்கப் பார்த்தான், பிறகு விரலை நீட்டி அழுத்தினான். ‘பாம் பாம்’ என்றது கைப்பேசி. ஓட்டுநர், “ஓகே பாஸ்!” என்று வண்டியைக் கிளப்பினார். பையன் அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, தான்தான் ஓட்டுகிறோம் என்ற தோரணையில் உட்கார்ந்துகொண்டான்.

“இதை எப்படிச் செஞ்சீங்க லட்சுமி?” என்றார் மைமூன். “காட்டுங்க, நானும் கத்துக்கறேன்.”