நாற்பத்தொன்பதாவது பல்

மோட்டாருக்குத் தெரிந்தது ஒரே வேலை, சுற்றுவது. வாடிக்கையாளருக்கு வேண்டியதோ முன்னும் பின்னுமோ மேலும் கீழுமோ போகிற ஒன்று. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கரி பூசிக்கொண்டு நிற்பவன்தான் ஃபிட்டர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எர்ணாகுளத்துக்கு எதிர்க்கரையில், மட்டாஞ்சேரியில் நான் அப்படி நின்றேன். முழுப் பெயர் ஐயாதுரை. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். பஜார் ரோட்டில் எல்லோருக்கும் நான் துரை. சட்டை முழுக்க கிரீஸோடு திரிகிறவனைத் துரை என்று கூப்பிடுவதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். நீங்களும் எதையாவது ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டுப் பேச்சு வாங்கியவர் என்றால் தாராளமாக மேலே படிக்கலாம். நாமெல்லாம் ஒரே கட்சி.

நேராகப் போகிற மோட்டார்

குஜராத்தி சேட் ஒருவரின் மிளகுக் கிடங்கில் சல்லடை வேலை. அதுவரை இரண்டு பேர் நின்று ஆட்டிக்கொண்டிருந்த பெரிய சல்லடையை மோட்டார் வைத்து ஆட்ட வேண்டும். மோட்டாரின் சக்கரத்தில் ஒரு தண்டை மாட்டி, தண்டின் மறுமுனையைச் சல்லடையில் கோத்தேன். சக்கரம் சுற்றும்போது தண்டு சல்லடையைத் தள்ளும், இழுக்கும். ஆனால் தண்டு நேராகத் தள்ளாது. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று சாய்ந்து சாய்ந்துதான் தள்ளும். சல்லடை விலகிப் போகாமல் இருக்க இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை அடித்து அணை கட்ட வேண்டும். அந்தப் பட்டையில் உரசி உரசியே எல்லாம் தேயும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நான் போய் மாற்றுவேன்.

மூன்றாவது முறை மாற்றப் போனபோது சேட் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரிலேயே உட்கார்ந்தார். சக்கரம், தண்டு, பட்டை, போல்ட் எல்லாவற்றையும் விரல் நீட்டி ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் பொறுமையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு தொல்லை எதுக்கு துரை? நேரா போற மோட்டார் எர்ணாகுளத்துல கிட்டாதா?"

மேரிச்சேச்சியின் தையல்

தையல் மிஷினில் கால் மேலும் கீழும் மிதிக்கிறது, சக்கரம் சுற்றுகிறது, ஊசி மறுபடியும் மேலும் கீழும் போகிறது. நேரை வட்டமாக்கி, வட்டத்தை மறுபடி நேராக்குகிற இந்தத் தலைசுற்று வேலையை உட்கார்ந்த இடத்தில் செய்கிறவர்கள் தையல்காரர்கள். மேரிச்சேச்சி ரவிக்கை தைப்பவர். தையல் கோணிக்கொண்டு போகிறது என்று ஆள் விட்டார். போய் அரை நாள் முழுக்கப் பிரித்துப் பார்த்தேன். எந்தக் கோளாறும் இல்லை. பூட்டிவிட்டு, "நீங்களே ஒரு தடவை தைச்சுக் காட்டுங்க" என்றேன். தைத்தார். நாலு தையலுக்கு ஒரு தடவை கண் வாசலுக்குப் போய் வந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "மிஷினைக் குற்றம் சொல்லண்டா, துரை. மத்தி மீன்காரன் போயிடுவானோன்னு நான் ரோட்டைப் பாத்துத்தான் தைக்கிறது."

ஒன்று கூடுதல்

என் தலைக்கனம் ஆரம்பித்த இடம் இது. வாசுச்சேட்டனின் எண்ணெய் மில்லில் ஒரு ஜோடிப் பல்சக்கரம் வருஷத்துக்கு ஒரு தடவை தேய்ந்து போய்க்கொண்டிருந்தது. சின்னதில் பதினைந்து பல், பெரியதில் அறுபது. பெரியது ஒரு சுற்று வருவதற்குள் சின்னது சரியாக நாலு சுற்று. ஆகையால் சின்னதின் ஒரு பல் எப்போதும் பெரியதின் குறிப்பிட்ட நாலு பற்களைத்தான் கடிக்கும். அதில் ஒன்று மழுங்கினால் ஒரே இடத்தில் அடி விழுந்துகொண்டே இருக்கும். நான் பெரியதை அறுபத்தொரு பல்லாக வெட்டிக்கொண்டு வந்து போட்டேன். இப்போது ஒவ்வொரு சுற்றிலும் ஆள் மாறும், தேய்மானம் எல்லோருக்கும் பங்காகும்.

மூன்று வருஷம் சத்தமில்லாமல் ஓடியது. அதற்குப் பிறகு எங்கே பல்சக்கரம் மாற்றினாலும் ஒன்று கூட்டிப் போடுவது என் முத்திரையாகிவிட்டது. கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எல்லாம் வாசுச்சேட்டன் சொன்ன ஒரு வார்த்தையால் வந்த வினை: "மத்த மேஸ்திரிமார் எல்லாம் குறைச்சுத்தான் தருவான். கூட்டித் தந்தவன் நீ ஒருத்தன்தான், துரை."

சுவாமியின் மிஷினுக்கு அடியில்

அச்சகம் வைத்திருந்த விசுவநாதய்யரை ஊரே சுவாமி என்றுதான் கூப்பிடும். அவரிடம் ஒரு பழைய ஜெர்மன் அச்சு மிஷின் இருந்தது. எழுத்து அடுக்கிய கனமான இரும்பு மேடை ஒன்று உருளைக்கு அடியில் முன்னும் பின்னும் ஓடும். அதற்குப் பெட் என்று பேர். அதை ஓட்டியவர் ஹம்சா. இக்கா என்றால் அண்ணன்; எல்லோருக்கும் அவர் ஹம்சாக்கா. இருபத்திரண்டு வருஷமாக அவரைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. அவருக்கும் அதைத் தவிர வேறு மிஷின் தெரியாது.

முதல் தடவை எண்ணெய்க் கசிவு பார்க்க அதன் அடியில் படுத்தேன். ஒரு பெரிய வளையம் மல்லாந்து கிடந்தது. அதன் உள்பக்கமெல்லாம் பல். வளையத்தில் சரியாகப் பாதி அளவுள்ள ஒரு சக்கரம் அந்தப் பற்களைக் கடித்தபடி உள்ளேயே உருண்டு சுற்றி வந்தது. சின்ன சக்கரத்தின் விளிம்பில் ஒரு முளை. அந்த முளைதான் பெட்டை இழுக்கிறது. சுற்றுகிற சக்கரத்தின் விளிம்பில் இருப்பது சுற்றத்தானே வேண்டும்? அது சுற்றவில்லை. வளையத்தின் ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்கு நூல் பிடித்தாற்போல் போனது. வந்த கோட்டிலேயே திரும்பியது. சாய்கிற தண்டு இல்லை, அணை கட்டிய பட்டை இல்லை.

எங்கேயோ ஒரு பட்டை ஒளிந்திருக்கிறது என்று டார்ச் அடித்து இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் ஹம்சாக்கா குனிந்து, என் முகத்துக்கு நேரே ஒரு சாயா கிளாஸை நீட்டினார்: "வெளிய வா, மோனே. அதை ஆரும் பிடிச்சு நேரா கொண்டு போறதில்ல. அதுக்குப் போக வேற வழி இல்ல, அதான் நேரா போகுது."

வர்க்கிச்சேட்டனிடம் சொன்னது

அடுத்த மழைக்காலத்தில் எங்கிருந்தோ கழன்ற ஒரு நட்டு வளையத்துக்குள் விழுந்து, சின்ன சக்கரத்தில் மூன்று பல் போனது. சுவாமியின் மகன் ஏற்கெனவே எர்ணாகுளத்தில் புது ஆஃப்செட் மிஷின் பார்த்து வைத்திருந்தான். களமசேரியிலிருந்து பழைய இரும்பு எடுக்கிற ஆள் வந்து அளந்துவிட்டும் போய்விட்டான். சுவாமி என்னைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை மத்தியானம் லாரி வரும். அதுக்குள்ள ஓடினா இங்கயே இருக்கட்டும். ஓடலேன்னா ஏத்திண்டு போகட்டும்" என்றார். மிஷின் போனால் ஹம்சாக்காவும் போக வேண்டியதுதான். ஐம்பத்தைந்து வயது ஆளுக்கு யார் புது மிஷின் பழக்கித் தருவார்கள்? அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானே, "சனிக்கிழமைக்குள்ள ஓட்டிக் காட்டுறேன் ஹம்சாக்கா" என்று வாக்குக் கொடுத்தேன்.

உடைந்த சக்கரத்தைத் தோப்பும்படியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த வர்க்கிச்சேட்டனிடம் கொண்டு போனேன். பல் வெட்டுவதில் அவருக்கு இணை கிடையாது. வளையத்தின் கணக்கை நான் சொன்னேன். கையிலிருந்ததை எண்ணிப் பார்த்து, "வளையத்துல தொண்ணூத்தாறு, இதுல நாப்பத்தெட்டு, இல்லே?" என்றார். நான் என் முத்திரையைக் குத்தினேன். "அதே கனத்துல நாப்பத்தொம்பதா வெட்டுங்க. சரிபாதியா இருந்தா அதே பல் அதே பல்லைக் கடிக்கும். ஒண்ணு கூட்டினா ஆயுசு கூடும்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒறப்பா?" நிச்சயம்தானா என்று கேட்கிறார். "ஒறப்பு." கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டினார். பிறகு சொன்னார்: "நீ சொன்னா நான் வெட்டுறேன், துரை. ஓடுறதும் ஓடாததும் உன் பொறுப்பு."

பென்சில்

சனிக்கிழமை காலை சக்கரத்தைப் பூட்டினோம். கச்சிதமாக உட்கார்ந்தது. ஹம்சாக்கா கையாலேயே மெதுவாகச் சுற்றினார். பெட் நகர்ந்தது. அரைச் சுற்றுக்குள் முனகிக்கொண்டு நின்றது. புதுச் சக்கரம், கொஞ்சம் இறுக்கம் இருக்கும், மோட்டாரைப் போட்டால் இளகிவிடும் என்றேன். சுவிட்சுக்குக் கையும் கொண்டு போனேன். ஹம்சாக்கா என் கைக்கும் சுவிட்சுக்கும் நடுவில் வந்து நின்றார். "வேண்டா" என்றார். அவ்வளவுதான். அன்று மோட்டாரைப் போட்டிருந்தால் லாரிக்காரனுக்கு மிஷினைப் பிரிக்கிற வேலை மிச்சமாகியிருக்கும்.

பெட்டைக் கழற்றி ஓரமாகத் தள்ளச் சொன்னார். முளையை எடுத்துவிட்டு அந்தக் குழியில் பென்சிலைச் செருகினார். ஒரு பெரிய தாளைப் பலகையில் ஒட்டிக் கவிழ்த்து நான் பிடித்துக்கொண்டேன். அவர் சுற்றினார். முதல் சுற்றுக்கு ஒரு கோடு விழுந்தது. அடுத்த சுற்றில் அதே கோட்டின் மேல் விழ வேண்டியது, கொஞ்சம் சாய்ந்து வேறு இடத்தில் விழுந்தது. மூன்றாவது இன்னும் சாய்ந்தது. அவர் நிறுத்தவில்லை. பலகையைத் திருப்பிப் பார்த்தபோது தாள் முழுக்கக் கோடுகள் சுற்றி வந்து, நடுவில் பொட்டு அளவு ஓட்டையோடு அடுக்கடுக்காக இதழ் விரித்து ஒரு பெரிய பூ. அழகாகத்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல்லுக்குப் பல் சரிபாதியாக இருந்ததால்தான் அது நேராகப் போனது. நான் கூட்டிய ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் அதன் வழியைத் திருப்பிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து சுவாமி உள்ளே வந்தார். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபம்கூட இல்லாமல் கேட்டார்: "ஓணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. இப்பவே பூக்களம் போட ஆரம்பிச்சுட்டேளா?"

ஒரு நிமிஷம்

சுவாமி குனிந்து தானே பல்லை எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். "நாப்பத்தொம்பது! எண்ணத் தெரியாதவனா அந்த வர்க்கி? இனி அவன் பட்டறைக்கு இங்கேருந்து ஒரு ஆணி போகப்படாது" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவரே ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டார், நான் சும்மா இருந்தால் போதும். ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. வெளியே லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஹம்சாக்கா மை படிந்த சட்டையைக் கழற்றி மடித்தார். ஆணியில் மாட்டியிருந்த சோற்றுப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். "சுவாமி, அதைக் கேட்டு வாங்கினது நான். வர்க்கிச்சேட்டன் ஒறப்பான்னு கேட்டார். ஒறப்புன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டேன்.

சுவாமி என்னைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், தோளில் பையோடு நின்ற ஹம்சாக்காவைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். லாரிக்காரனிடம் அவர் சொன்னது உள்ளே கேட்டது: "செவ்வாய்க்கிழமை வாங்கோ. எங்க ஃபிட்டருக்கு ஒரு பல்லைப் பிடுங்கணும், மூணு நாள் வேணும்."

ஒரே கோடு

வர்க்கிச்சேட்டன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் குர்பானா பூசை கண்டுவிட்டு வந்து நாற்பத்தெட்டு வெட்டினார். நான் பக்கத்திலேயே நின்று எண்ணினேன். நான் எண்ணுவதைப் பார்த்து அவர் சிரித்தார். அதற்கும் நான் உரியவன்தான். திங்கட்கிழமை பூட்டினோம். மோட்டாரைப் போடவோ பெட்டை மாட்டவோ ஹம்சாக்கா விடவில்லை. மறுபடியும் பென்சில், பலகை, தாள். நூறு சுற்று சுற்றினார், எண்ணிக்கொண்டே. பலகையைத் திருப்பினோம். ஒரே ஒரு கோடு. நூறு தடவை ஓடியதில் கறுத்துப் பளபளவென்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை லாரி வர வேண்டாம் என்று சுவாமி சொல்லி அனுப்பிவிட்டார். அந்த மிஷின் பிறகு ஒன்பது வருஷம் ஓடியது. ஹம்சாக்கா தானே வேண்டாம் என்று வீட்டுக்குப் போகிற வரைக்கும் ஓடியது. நாற்பத்தொன்பது பல் சக்கரம் சுவாமியின் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருந்தது. நான் போகும்போதெல்லாம் அதை என் பக்கமாக நகர்த்தி வைப்பார். பூ விழுந்த தாளைச் சுவரில் ஒட்டலாம், பார்க்க நன்றாக இருக்கிறது என்று அந்தத் திங்கட்கிழமையே நான் சொல்லிப் பார்த்தேன். ஹம்சாக்கா அதை மடித்து மை துடைக்கிற துணியோடு போட்டுவிட்டு, கோடு விழுந்த தாளை எடுத்துச் சுவரில் ஒட்டினார். "இது மதி, மோனே, இது போதும். பூ நமக்கு வேண்டா."

சுற்றுவதை நேராக்கியே காலமெல்லாம் சோறு தின்ற நான், நேராக ஓடிக்கொண்டிருந்ததைச் சுற்ற வைத்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் ஒறப்பு என்று சொல்லிக் கேட்டு வாங்கிய பல்லால்.