சமையற்கட்டில் ஒரு நாற்காலி

சேனல்காரர் வந்துவிட்டால் படப்பிடிப்பு வீட்டில் தும்முவதற்குக்கூட ஆட்கள் யோசிப்பார்கள். அன்று அவர் நேராகப் பின்பக்க அறைக்கு வந்தார். அங்கே கட்டில் ஓரத்தில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு வசனம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. தொலைக்காட்சித் தொடரில் வேலை செய்யும் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. காட்சிக்குப் பேச்சு எழுதித் தருகிறவள், ஆகவே எல்லாருக்கும் அவள் 'வசனம்'.

"அந்த நாற்காலி விஷயத்த நாளைக்கு முடிச்சிடும்மா" என்றார் சேனல்காரர்.

"முடிச்சிடலாம் சார். நாற்காலி போட்டாத்தான் அடுப்பு பத்த வைப்பேன்னு சமையல்காரி நிக்கிறா. நாளைக்கு சீன்ல வீட்டுக்காரப் பெரியம்மா வேற வழியில்லாம..."

"வேற வழியில்லாம எல்லாம் கூடாது. பெரியம்மாவே மனசு உருகிக் குடுக்கணும். தன் அம்மா ஞாபகம் வருது, கண்ணுல தண்ணி முட்டுது, தன் கையாலயே நாற்காலியத் தூக்கிட்டு வந்து போடுறாங்க. சமையல்காரி கால்ல விழுறா. அவ்வளவுதான்."

"ஆனா அவ கேட்டது..."

"கேட்டத யாரும் ஞாபகம் வச்சுக்க மாட்டாங்கம்மா. அழுததுதான் நிக்கும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். வசனம் பேனா மூடியைக் கடித்தாள்.

தொடர் தொடங்கும்போது அவள் கொண்டுபோனது வேறு கதை. பெரியம்மாவின் சோப்புத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். இதே சேனல்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "கொடி வேணாம், கோஷம் வேணாம், தொழிற்சாலையே வேணாம். சமையற்கட்டுக்குள்ள என்ன கூத்து வேணா அடிச்சுக்கோ" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அங்கே அரசியல் வகுப்பில் படித்ததையெல்லாம் கொண்டுவந்து அந்தச் சமையற்கட்டில் இறக்கினாள். பெரியம்மா முதலாளி ஆனாள். மூத்த மருமகன் மேஸ்திரி ஆனான். குளிர்பதனப் பெட்டிக்குப் பூட்டு வந்தது. ஒருநாள் சமையல்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நாள் பூரா நிக்கிறேன், இங்க ஒரு நாற்காலி போடுங்க" என்றாள்.

அந்த நாற்காலி வசனத்தின் அம்மாவுடையது. அதாவது, அம்மாவுக்கு இல்லாதது. அம்மா ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனைப் பெண். வாங்க வருகிறவர்கள் உட்கார அங்கே மெத்தை வைத்த ஸ்டூல்கள் உண்டு. விற்கிறவர்கள் உட்காரக் கூடாது. கடையில் ஈ காக்காய் இல்லாவிட்டாலும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். தொடரில் நடிக்கிறவர்கள் உடுத்துவதெல்லாம் அந்தக் கடை கொடுக்கும் துணிதான். துணி மூட்டையோடு படப்பிடிப்புக்கு வந்துபோன அம்மாதான், "அங்க எழுத ஆள் தேடுறாங்கடி" என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தாள். கடை கொடுத்த துணிக்குள் ஒளிந்துகொண்டு கடையையே கிள்ளுகிறோம் என்று வசனத்துக்கு உள்ளூரக் கொஞ்சம் குஷி. கிள்ளியது யாருக்காவது உறைத்ததா என்ற கேள்விதான் அவளை ஓரிடத்தில் இருக்கவிடாமல் அரித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை அம்மா கிளம்பும் முன் கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். முந்தைய நாள் பகுதி மறுஒளிபரப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு அவளுக்கு நாற்காலி கிடைக்குமாடி? எங்க செக்‌ஷன்ல ஒரே சண்டை. ரெடிமேட்ல நிக்கிற பொண்ணு, சமையல்காரிதான் ஜெயிப்பாங்கிறா. கேஷ்ல இருக்கறவ, அவள அடிச்சு விரட்டிடுவாங்கங்கிறா. அவளுக்கென்ன, அவ உக்காந்துகிட்டுப் பேசுறா."

"பெரியம்மாவே பாவப்பட்டுக் குடுக்குறாங்களாம். அப்படி எழுதச் சொல்லிட்டாங்கம்மா."

"குடுக்கட்டுமே. அதுல உனக்கென்ன நோவு?"

"கேட்டு வாங்குறது வேற, பாவம் பாத்துக் குடுக்குறது வேறம்மா. இன்னிக்குக் குடுத்தவங்க நாளைக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்ல?"

"நீ படிச்சவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு உக்காந்தா போதும்டி." அம்மா எழுந்து செருப்பைத் தேடினாள். "இதுக்காக உன் வேலைய விட்டுடாத. அப்புறம் நாம ரெண்டு பேருமே நிக்கணும்."

பேருந்தில் இடம் கிடைத்தும் வசனம் உட்காரவில்லை. உட்கார மனம் வரவில்லை. அம்மாவுக்காகத்தானே எழுதினேன், அம்மாவே இப்படிச் சொன்னால் நான் யாருக்காக மல்லுக்கட்டுகிறேன்? பாடப்புத்தகத்துக்காகவா? இறங்குவதற்குள் ஒரு தந்திரம் தோன்றியது. சேனல்காரர் கேட்டபடியே எழுதிக் கொடுப்பது. பெரியம்மா உருகட்டும், நாற்காலியைத் தூக்கி வரட்டும். ஆனால் சமையல்காரி காலில் விழ மாட்டாள், உட்காரவும் மாட்டாள். 'அது அங்கயே இருக்கட்டும்மா, எனக்கு வேலை கிடக்கு' என்று திரும்பி நிற்பாள். பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும், இந்தப் பிச்சை அவளுக்கு வேண்டாம் என்று.

படப்பிடிப்பில் நாற்காலியைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்கள். சமையல்காரியாக நடிக்கும் அக்கா சுவரில் சாய்ந்து ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள்.

"உக்காருங்களேன்க்கா, லைட் போட நேரமாகும்."

"அய்யய்யோ, அது காட்சிக்கு வச்ச நாற்காலி. இம்மி நகந்தாலும் திட்டு விழும். நீ வேற எனக்கு உக்காரவே எழுதல."

டைரக்டர் தாளைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். மூக்கை உறிஞ்சினார். "அடேயப்பா! குடுத்தும் உக்கார மாட்டேங்கிறா பாருங்க. என்ன விசுவாசம்!" சேனல்காரர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். "கால்ல விழுறத விட இது நல்லாருக்கு. மரியாத தெரிஞ்சவ. பிரமாதம்மா!"

வசனத்துக்கு முகத்தில் ஈயாடவில்லை. பூட்டை உடைக்கச் செய்த கம்பியால் அவர்கள் பூட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டார்கள்.

அந்தப் பகுதி ஓஹோவென்று ஓடியது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு வேலைக்காரியா என்று ஊரே உருகியது. வாரக் கடைசியில் துணிக்கடை வாசலில் ஒரு நாற்காலி முளைத்தது. சமையற்கட்டில் பார்த்த அதே நாற்காலியைக் கடைக்காரர்கள் விளம்பரத்துக்குக் கேட்டு வாங்கியிருந்தார்கள். பட்டு ரிப்பன் கட்டி, 'பெரியம்மா தந்த இருக்கை' என்று பலகை வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இதை அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வசனம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அம்மா பகலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"அந்த நாற்காலில உக்காந்துட்டேன்டி."

"எந்த நாற்காலி... ரிப்பன் கட்டினதா?"

"ஆமா. கால் விண்ணு விண்ணுனு தெறிச்சுது. நாற்காலி சும்மா இருந்துது. போய் உக்காந்தேன். மேனேஜர் ஓடி வந்து, 'ஏம்மா, அது போட்டோ எடுக்க வச்சது'ன்னாரு. 'எடுத்துக்கோங்க சார்'னேன்."

வசனத்துக்குச் சிரிப்பு பீறிட்டது.

"செக்‌ஷனே சிரிச்சுதுடி. சிரிப்பு அடங்கவே இல்ல. அதுலதான் அந்த ஆளுக்குக் கோவம். வீட்டுக்குப் போ, நாளைக்குப் பேசிக்கலாம்னுட்டாரு."

"வேலைய விட்டு எடுத்துடுவாங்களாம்மா?"

"யாரு கண்டா. ரெடிமேட் பொண்ணு நாளைக்கு அவளும் உக்காரப் போறாளாம். கேஷ்ல இருக்கறவ தன் ஸ்டூல இந்தப் பக்கம் தள்ளுறேங்கிறா. வாயில சொல்றாளுங்க, பாப்போம்." அம்மா தலையணையை இழுத்துக் கால்களைத் தூக்கி வைத்தாள். வழக்கம்போலக் கண்ணை மூடவில்லை. கால்விரல்கள் ஆடிக்கொண்டே இருந்தன.

"அம்மா, என்னாலதானே இது?"

"உன்னாலயா? நீ எழுதின சமையல்காரி உக்காரவே இல்லையே. அன்னிக்கு எனக்கு எவ்வளவு எரிச்சலா வந்துது தெரியுமா?"

வசனம் வாசலுக்கும் அலமாரிக்குமாக நடந்தாள். அட்டையை எடுத்தாள், வைத்தாள். கைபேசி அடித்தது. டைரக்டர்.

"வசனம், நாளைக்குச் சீன் என்னாச்சு? சமையல்காரி என்ன பண்றா?"

அவள் அம்மாவின் கால்களைப் பார்த்தாள்.

"இன்னும் தெரியல சார்" என்றாள். "நாளைக்குக் காலைல துணிக்கடைக்குப் போயிட்டு வந்து சொல்றேன்."