இரண்டு விரல் கனத்தில் ஒரு பாய்

தங்கை எதையெல்லாம் ஜெயித்தாள் என்று கேட்டால் அக்கா வரிசையாகச் சொல்வாள். பிறந்த வாரத்திலேயே "இது தேறாது" என்று கைவிரித்த டாக்டரை ஜெயித்தாள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இவள் இருக்கிறாள். போகிற வருகிறவனெல்லாம் தலையில் தட்டிவிட்டுப் போன பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்புவரை ஜெயித்தாள். அரை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கண்டக்டரிடம், முழு டிக்கெட் தராமல் இறங்க மாட்டேன் என்று படியில் நின்று ஜெயித்தாள். பெடலில் கட்டை வைத்துக் கட்டிய சைக்கிளை ஜெயித்தாள். பஞ்சு திணித்த முயல் வேஷத்துக்குள் இரண்டு கோடைகாலங்களை ஜெயித்தாள். கடைசியாக ஒரு ரப்பர் பாயை ஜெயித்தாள். இந்தக் கடைசி விஷயத்துக்கு வரும்போது மட்டும் அக்காவுக்கு இன்றைக்கும் காது மடல் சிவந்துவிடும்.

தங்கையின் உயரம் நூற்று இருபத்தெட்டு சென்டிமீட்டர். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அக்கா பள்ளிச் சீருடை தைக்கிற தையல்காரி. தங்கை போட்ட ஒவ்வொரு துணியையும் அவளே அளந்து, அவளே வெட்டினாள். பதினோரு வயதில் நின்ற உயரம் முப்பத்தொரு வயதிலும் அங்கேயே நின்றது. தோள் மட்டும் கொஞ்சம் அகன்றது. "கடுகு சிறுத்தாலும் காரம் போகாது" என்று யாராவது பாராட்டுவதுபோல் சொன்னால் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மனுஷியப் பத்திப் பேசும்போது மளிகை சாமானை ஏன் இழுக்கறீங்க?" என்று கேட்டுவிடுவாள். கேட்டவர்கள் அடுத்த துணியை வேறு கடையில் கொடுத்த கதையும் உண்டு.

வீட்டில் அவளுக்குச் சின்னி என்று பெயர். வெளியே எல்லோருக்கும் அவள் பாப்பா. ஆஸ்பத்திரியில், வங்கியில், வாடகை வீட்டில் எங்கே போனாலும் நாற்காலியில் இருப்பவர் அவளை ஒரு பார்வை பார்ப்பார், காகிதத்தை அக்கா பக்கம் திருப்புவார். "நீங்க போடுங்கம்மா." அக்கா போடுவாள். முதலில் இரண்டு தடவை தங்கை கையை நீட்டிப் பார்த்தாள். அப்புறம் நீட்டுவதை விட்டுவிட்டாள். அவளுக்கு எழுதத் தெரியாமல் இல்லை, அவள் எழுத்து அக்காவுடையதைவிட அழகு. கேட்கத்தான் ஆள் இல்லை. விளையாட்டுப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தபோதும் அப்படியே நடந்தது. இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு, 'பாதுகாவலர்' என்ற இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டாள்.

முதலில் முயல் வேஷம் கொடுத்தார்கள். உள்ளே ஆள் இருக்கிறாள் என்று தெரிந்தே வாலைப் பிடித்து இழுக்கிற பிள்ளைகள், வயிற்றில் குத்துகிற பிள்ளைகள், அதைப் போட்டோ எடுக்கிற அப்பன்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உடம்பெல்லாம் வேர்க்குரு. பிறகு கப்பல் வாசலில் ஆள் தேவைப்பட்டது. அங்கே அவள் கேட்டு வாங்கிப் போய் நின்றாள்.

கப்பல் என்றால் தண்ணீரில் போகிறதல்ல. பெரிய ஊஞ்சல். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, உச்சிக்குப் போனால் வயிறு தொண்டைக்கு வரும். உட்கார்ந்தவர்களின் தொடைக்கு மேலே ஒரே குறுக்குக் கம்பி இறங்கும். பக்கத்தில் பெரிய உடம்பு இருந்தால் கம்பி அந்தத் தொடையில் தட்டி நின்றுவிடும். கால் தரையைத் தொடாத பிள்ளை அதற்கடியில் வழுக்கும். அதனால்தான் வாசலில் ஒரு பலகை, பலகையில் நூற்று இருபது சென்டிமீட்டரில் ஒரு சிவப்புக் கோடு. தலை கோட்டைத் தொட்டால் உள்ளே, தொடாவிட்டால் வெளியே. அந்தக் கோடு சரியாகத் தங்கையின் புருவத்துக்கு நேரே வரும்.

பிள்ளைகளை உள்ளே அனுப்பப் பெற்றவர்கள் செய்கிற தில்லுமுல்லுக்கு அளவே கிடையாது. செருப்புக்குள் காகிதம் மடித்து வைப்பார்கள். உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டு வருவார்கள். "நிமிருடா, நிமிருடா" என்று பின்னாலிருந்து கழுத்தைத் தூக்கிப் பிடிப்பார்கள்.

"தம்பி, குதிகால் கீழ வரட்டும்," என்பாள் தங்கை. "அம்மா, கொண்டைக்கு டிக்கெட் இல்ல. தலைக்குத்தான்."

ஒருவன் கேட்டான்: "நீயே இம்மாத்தூண்டு இருக்க, என் பையன அளக்க வந்துட்டியா?"

"ஆமா சார். நான் கோட்டைத் தாண்டியாச்சு. உங்க பையன் இன்னும் தாண்டல."

அவன் போய்ச் சூப்பர்வைசரிடம் முறையிட்டான். தினம் நாலு பேர் முறையிட்டார்கள். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குடும்பமே வாசலைப் பார்த்துத் திரும்பினால் ஐந்து டிக்கெட் போகிறது என்பது சூப்பர்வைசரின் கவலை. அவன் கெட்டவன் இல்லை என்று தங்கை சொல்வாள். அக்கா அப்படிச் சொல்லமாட்டாள்.

மே மாதம், பள்ளி விடுமுறை, சனிக்கிழமை. அன்று காலை பலகைக்குக் கீழே புதிதாக ஒரு ரப்பர் பாய் கிடந்தது. கறுப்பு நிறம், இரண்டு விரல் கனம்.

"எதுக்கு சார் இது?"

"வெயில்ல தரை சுடுது பாப்பா. பிள்ளைங்க கால் பொசுங்குதுன்னு மேலேர்ந்து அனுப்பினாங்க."

பிள்ளைகள் செருப்போடுதான் நிற்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வரிசை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அன்றைக்கு யாருமே அழவில்லை. பலகையில் நின்றவர்களெல்லாம் கோட்டைத் தொட்டார்கள். அம்மாக்கள் சிரித்தார்கள். தங்கை மட்டும் அடிக்கடி குனிந்து அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டாள்.

மத்தியானம் மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமி வந்தாள். பலகை அவளைச் சரி என்றது. போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவுக்கு நல்ல உடம்பு. கம்பி அவர் தொடையில் தட்டி நின்றது. மூன்றாவது ஆட்டத்தில் கப்பல் உச்சிக்குப் போனபோது, கம்பிக்கு மேலே அந்த மஞ்சள் கவுனைக் காணவில்லை. சின்னக் கைகள் இரண்டு மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

தங்கை போட்ட சத்தம் பக்கத்து ராட்டினம்வரை கேட்டதாம். கப்பலை ஓட்டுகிறவனுக்கு நெட்டை என்று பெயர். ஆறடிக்கு மேலே இருப்பான். அவன் சத்தம் வந்த திசையைக்கூடப் பார்க்காமல் நிறுத்தும் கைப்பிடியை இழுத்தான். கப்பல் உடனே நிற்கிற சாமான் இல்லை. ஆடி ஆடித்தான் அடங்கியது. அதுவரை அந்தச் சிறுமி விடவில்லை, அப்பா எட்டி அவள் கவுனைப் பிடித்திருந்தார்.

இறங்கிய பிள்ளைக்குக் கவுன் நனைந்திருந்தது. "பயந்துட்டா, வேற ஒண்ணுமில்ல," என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. சிறுமி தங்கையின் பக்கத்தில் வந்து நின்று அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பாய்க்கு வெளியே, வெறும் தரையில் நின்றாள். அவள் தலை தங்கையின் கண்ணுக்குக் கீழே இருந்தது.

தங்கை குனிந்தாள். பாயைச் சுருட்டினாள். கப்பல் வாசலின் நடுவே அதை நிறுத்தி வைத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா இருபது சீருடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"உங்க பாப்பா இங்க ரகளை பண்ணுதும்மா. வந்து கூட்டிட்டுப் போங்க."

"எந்தப் பாப்பா?"

"உங்க தங்கச்சிதான்."

"அவளுக்கு முப்பத்தொரு வயசு. உங்களுக்கு என்ன வயசு?"

மறுமுனை போனை வைத்துவிட்டது. அக்கா கடையைப் பூட்டினாள். ஆட்டோவில் போகும்போதுதான் கழுத்தில் அளவு டேப் தொங்குவது தெரிந்தது. வழியெல்லாம் தங்கையைத்தான் திட்டிக்கொண்டு போனாள். இருக்கிற ஒரு வேலை. அதற்கும் வேட்டு வைக்கிறாள். இன்னொரு தடவை முயல் வேஷம் கொடுக்கக்கூட ஆள் இருக்காது.

கப்பல் வாசலில் வரிசை கொதித்துக்கொண்டிருந்தது. காசு கொடுத்தவர்கள் கத்தினார்கள். "ஒரு குள்ளச்சிக்காக எல்லாரும் வெயில்ல காயணுமா?" என்றது ஒரு குரல். அக்கா திரும்பினாள். சொன்னவன் தலையைக் கூட்டத்துக்குள் செருகிக்கொண்டான். நடுவில் சுருட்டிய பாய்மேல் தங்கை. கால் தரையைத் தொடவில்லை. முகம் இறுகியிருந்தது.

சூப்பர்வைசர் ஒரு காகிதத்தோடு வந்தான். "ரொம்ப ஒண்ணும் இல்லம்மா. தெரியாமப் பண்ணிட்டா, இனிமே பண்ணமாட்டான்னு எழுதியிருக்கு. நீங்க பாதுகாவலர், ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. வேலைய விட்டு எடுக்கல. பழையபடி முயல்ல போட்டுடறேன்."

அக்காவின் கை பேனாவை வாங்கிவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம், அது வாங்கத்தான் செய்யும்.

"அக்கா," என்றாள் தங்கை, பாய்மேலிருந்தபடியே. "பேனாவக் கீழ வை."

"என்னடி நடந்தது?"

தங்கை சொன்னாள். நீட்டி முழக்காமல் சொன்னாள். பாய் கிடந்தது, பிள்ளை வழுக்கியது, கை மட்டும் தெரிந்தது. பக்கத்துப் பெஞ்சில் மஞ்சள் கவுன் சிறுமியை அவள் அம்மா மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு வழியெல்லாம் சேர்த்துவைத்த கோபம் அப்படியே திசை மாறியது.

"எவ்வளவு கனம் அந்தப் பாய்?" என்று சூப்பர்வைசரைக் கேட்டாள்.

"என்னம்மா பெருசா. ரெண்டு விரல்."

"ரெண்டு விரல் துணி குறைஞ்சா நான் திரும்பத் தச்சுக் கொடுப்பேன். நீங்க பிள்ளையத் திரும்ப என்ன பண்ணிக் கொடுப்பீங்க?"

"சத்தம் போடாதீங்கம்மா. மேலேர்ந்து வந்தது."

"மேலேன்னா எது? கப்பல் போகுதே, அந்த மேலயா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசருக்கு முகம் கறுத்தது. "சரி, கையெழுத்துப் போடாட்டிப் போங்க. உங்க தங்கச்சி நாளைலேர்ந்து வரவேண்டாம். நெட்டை, அந்தப் பாயைப் பழையபடி பலகைக்குக் கீழ போடு. கப்பல எடு."

நெட்டை தன் கூண்டிலிருந்து இறங்கி வந்தான். சாவி அவன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் எடுக்கல சார்."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

"நீதி நியாயமெல்லாம் எனக்குத் தெரியாது சார். பிள்ளை விழுந்தா கைப்பிடி யார் கையில இருந்துச்சுன்னுதான் கேப்பாங்க. உங்களையா வந்து புடிப்பாங்க? அந்தப் பாயப் போட்டா இந்தாங்க சாவி, நீங்களே ஓட்டுங்க."

சூப்பர்வைசர் சாவியைத் தொடவில்லை. வரிசையும் இப்போது கத்தவில்லை. முன்னால் நின்ற இரண்டு மூன்று அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளின் தலையைப் பலகையின் கோட்டோடு கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பையனின் செருப்பைக் கழற்றி உள்ளேயிருந்த காகிதத்தை எடுத்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

"சரி," என்றான் சூப்பர்வைசர், பல்லைக் கடித்துக்கொண்டு. "பாய் வேண்டாம். ஆனா ஒண்ணு. பலகை சரியா இருக்குன்னு தினம் காலையில நான் போடற கையெழுத்து இருக்குல்ல, அத இனிமே அவளே போடட்டும். எதாவது ஆச்சுன்னா அவ தலையில. அப்பத் தெரியும்."

மிரட்டத்தான் சொன்னான். அக்காவுக்கு அது புரிந்தது. முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக ஒரு மனிதன் தங்கையிடம் ஒரு பொறுப்பை நீட்டுகிறான், அதையும் கயிறு மாதிரி நீட்டுகிறான் என்று அவள் வயிறு எரிந்தது.

"யோசிச்சுப் பண்ணுடி சின்னி," என்றாள் தாழ்ந்த குரலில்.

தங்கை பாயிலிருந்து குதித்து இறங்கினாள். "ஏன், நீ போட்டுத் தரியா?"

அக்கா டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினாள். "எனக்குப் பட்டன் வேலை கிடக்கு."

மறுநாள் கடைக்கு விடுமுறை. பூங்கா திறப்பதற்கு முன்பே அக்காவும் தங்கையோடு போனாள். யாரும் கூப்பிடவில்லை, போனாள். கப்பல் வாசலில் தங்கை பலகைக்குக் கீழே தரையைப் பெருக்கினாள். குனிந்து கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு பலகையில் முதுகைச் சாய்த்து நின்றாள். நெட்டை எதிரே வந்து குனிந்து பார்த்தான்.

"புருவம்," என்றான்.

சூப்பர்வைசர் கிளிப் அட்டையில் செருகிய தாளோடு வந்தான். வந்தவன், பழக்கதோஷம், அதை அக்காவிடம் நீட்டினான்.

அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவனையே முறைத்தாள். அவள் அளவுக்கு முறைக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அட்டை நடுவில் கொஞ்ச நேரம் தொங்கியது. அப்புறம் கீழே இறங்கியது, தங்கையின் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு.

அவள் தாளை முழுதும் படித்தாள். அவசரப்படுத்திய சூப்பர்வைசரை ஒரு விரலால் நிறுத்தினாள். பேனாவை உதறிப் பார்த்தாள். கிறுக்கவில்லை, சுழிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து, தன் முழுப் பெயரை எழுதினாள்.

அந்தப் பாய் இன்றைக்கும் சூப்பர்வைசரின் அறை வாசலில் கால்மிதியாகக் கிடக்கிறது. அக்கா அங்கே போகும்போதெல்லாம் காலை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவாள். தங்கை முதன்முதலாகத் தன் பெயரைத் தானே கையெழுத்திட்ட நாள்: 2014 மே 11, ஞாயிற்றுக்கிழமை.