அக்கரையில் நின்றுபோன மாடு

எங்கள் ஊரின் முகம் ஒரு காலத்தில் ஆற்றைப் பார்த்து இருந்தது. சரக்கெல்லாம் படகில் வந்த நாட்களில் கட்டிய சீனர் கடைகளுக்கு வாசல் ஆற்றுப் பக்கம்தான். பிறகு செலண்டார் பக்கமிருந்து சாலை வந்தது. கடைக்காரர்கள் பின்சுவரை இடித்து அங்கே வாசல் வைத்துக்கொண்டார்கள். நான் அரசாங்க ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வந்து சேர்ந்தபோது, ஊருக்கே பெரியதான கெசாங் ஆறு வெறும் கொல்லைப்புறம் ஆகியிருந்தது. சட்டி கழுவினார்கள், மாடு குளிப்பாட்டினார்கள். அது ஓர் எல்லை என்பது இரண்டு அரசாங்கங்களுக்கு மட்டுமே நினைவிருந்தது.

இக்கரை மலாக்கா. தபால் தலையில் இங்கிலாந்து மன்னர் இருப்பார். அக்கரை ஜொகூர். அங்கே தபால் தலையில் சுல்தான். நடுவில் ஒரு மரப்பாலம், அதன் இரு முனையிலும் ஒவ்வொரு போலீஸ்காரர். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை, இங்கே ஞாயிறு. இரண்டு ஆபீசும் ஒரே சமயத்தில் விழித்திருந்து ஒரு காரியத்தை முடிப்பது கிரகணம்போல அபூர்வம். எந்தக் காகிதம் எந்த மேசையில் எவ்வளவு நாள் தூங்கும் என்பது எனக்கு அத்துப்படி. அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களில் பாதிப்பேர் கப்பலேறிப் போன சமயம். மிஞ்சியவர்கள் மாடு வளர்த்தார்கள். பாலத்தை ஒட்டிய லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், இருந்த ஒரு பெண்ணை ஊரே பால்காரம்மா என்றது. கோடையில் ஆறு முழங்கால் அளவுதான். அவளுடைய மாடு காலையில் தானே அக்கரைக்கு இறங்கிப்போய் லாலாங் புல்லை மேய்ந்துவிட்டு, மாலையில் கன்றைத் தேடித் திரும்பும்.

ஒரு வியாழக்கிழமை மாட்டு நோய் என்று தந்தி வந்தது. எதிர்க்கரையிலிருந்து எந்த மாட்டையும் கரையேற்றக் கூடாது என்று இங்கே ஓர் உத்தரவு, அதே வாசகத்தில் அங்கே ஓர் உத்தரவு. மாடு அங்கே நின்றது. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத கன்று இங்கே கட்டிக் கிடந்தது.

பால்காரம்மா ஆபீசுக்கு ஓடிவந்தாள்.

"ஐயா, மாட்ட விடமாட்டேங்கிறான் நம்ம போலீசு. தெனம் எங்கிட்ட பால் வாங்கிக் குடிக்கிறவன், இன்னிக்கு 'தா போலே, அக்கா, தா போலே', கூடாதுன்னு கைய ஆட்டுறான்!"

நான் முறையை விளக்கினேன். மாடு வரவேண்டுமானால் அக்கரை மாட்டு டாக்டரின் சான்று வேண்டும். சான்றுக்கு மாட்டை அக்கரைப் பட்டணமான மூவாரில் உள்ள கொட்டகையில் வைத்துப் பார்க்க வேண்டும். மூவாருக்கு ஓட்டிப்போக, அதற்கு நோய் இல்லை என்று ஒரு சான்று வேண்டும்.

"அதுக்குள்ள கன்னு செத்துரும்யா. மாட்டை இங்க கொண்டாந்து எங்கொட்டாயில கட்ட விடுங்க, போதும். வெளிய விட்டா ஏன்னு கேளுங்க."

அதற்கு விதி இல்லை என்றேன். மனு எழுதிக் கொடுத்தேன். நல்ல மனு. மறுநாள் வெள்ளி.

அவள் மனுவுக்காகக் காத்திருக்கவில்லை. அன்று மாலையே கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். நட்டாற்றில் ஒரு மணல்திட்டு உண்டு. அங்கே நின்று குரல் கொடுத்தாள். மாடு அந்தப் பக்கமிருந்து இறங்கி வந்தது. கன்று குடித்தது. மீதியை அவள் செம்பில் கறந்துகொண்டாள். பாலைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை.

நம் போலீஸ்காரர் என்னிடம் வந்து, அந்தத் திட்டு யாருடைய நாடு என்று கேட்டார். எல்லை ஆற்றின் நடுக்கோடு, திட்டும் நடுவில்தான், கரையேறாதவரை உத்தரவு மீறப்படவில்லை என்று சொன்னேன். அவருக்கு நிம்மதி. எனக்கும்தான்.

அடுத்தடுத்த மாலைகளில் பாலத்துக் கைப்பிடி முழுக்க வேடிக்கை பார்க்கிறவர்கள்.

"கன்னு எந்த நாட்டுல நின்னு குடிக்குது?"

"பின்னங்காலு ராஜாவுது, மூஞ்சி சுல்தானோடது!"

"அப்ப சாணி போட்டா?"

"அது கிராணியாரக் கேக்கணும் லா!"

மனு தூங்கிக்கொண்டிருந்தது. ஆறு தூங்கவில்லை. மேலே எங்கோ மழை. ஒரு மாலை தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறி வந்தது. அவள் இடுப்பளவு நீரில் கன்றோடு போய்ச் சேர்ந்தபோது திட்டில் ஒரு பாய் அகலம்தான் மிச்சம். கன்று இரண்டு வாய் குடிப்பதற்குள் அதுவும் முழுகியது. பாலத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நாளை முதல் திட்டு கிடையாது, கன்றுக்குப் பாலும் கிடையாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவள் கன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டைத் திரும்பிப் பாராமல் இக்கரையை நோக்கி நடந்தாள்.

மாடு ஒரு நிமிடம் நின்றது. பிறகு கன்றின் பின்னாலேயே நீந்தி வந்து, நம் போலீஸ்காரரை உரசிக்கொண்டு கரையேறியது.

அவர் தடியை ஓங்கி அதைத் திருப்பப் போனார். எதிர்க்கரைப் போலீஸ்காரர் கத்தினார்: "ஓய்! இங்கே அனுப்பாதே! எனக்கும் உத்தரவு இருக்கு!"

தடி இறங்கியது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். வருவது தடை, திரும்பிப் போவதும் தடை. நான் மேலே எழுதிக் கேட்டேன். இந்த முறை இக்கரை ஆபீஸ் மட்டும்தான் சம்பந்தப்பட்டது என்பதால் மறுநாளே பதில் வந்தது. அதை லயத்துக்குக் கொண்டுபோனேன். கன்று முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. தமிழாக்கி வாசித்தேன்: மேற்படி மாட்டை உரிமையாளரின் கொட்டகையிலேயே கட்டிவைக்க வேண்டும், வெளியே விடக் கூடாது.

பால்காரம்மா கறந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"இதத்தானய்யா நான் அன்னிக்கே கேட்டேன்?"