ரெட்டைச் சைக்கிளில் விஸ்வநத்தம்: கடைசி நாலு கிலோமீட்டர்

ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினால் நான் அரை கிலோமீட்டர் முன்னால் போய்விடுவேன். "இதுக்கு நான் தனியாவே போயிருவேன்" என்றாள் என் மனைவி சாந்தி. அதனால்தான் போன மாசம் மதுரையில் பழைய ரெட்டைச் சைக்கிள் ஒன்று வாங்கினோம், பதினாறாயிரம் ரூபாய். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிப் புதுஜோடிகள் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிப்பார்களே, அந்த வகை. முதல் பயணம், விருதுநகரில் எங்கள் வீட்டிலிருந்து விஸ்வநத்தத்தில் என் தாய்மாமா வீட்டுக்கு. சுமார் முப்பது கிலோமீட்டர்.

சனிக்கிழமை காலை 5.40-க்குக் கிளம்பினோம். ஆமத்தூர் தாண்டி இரண்டு டீ, 24 ரூபாய். இதில் என்ன சுகம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: கத்தாமல் பேசிக்கொண்டே போகலாம். எதிர்க்காற்றில் எனக்கு மூச்சு வாங்கும்போது, கேட்காமலே பின்னாலிருந்து ஒரு அழுத்து வரும். சாந்தி பாடிக்கொண்டே வந்தாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

திருத்தங்கலில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் எங்களை முந்தின. ஒரு வேன் ஜன்னலிலிருந்து பெண்கள் கூவினார்கள்: "ஏ, மதினிதான் மிதிக்காக! அண்ணன் சும்மா உக்காந்து வாராக!"

"ஆமா தாயி!" என்று சாந்தியும் கத்தினாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. மாமா தெரு முழுக்கச் சொந்தக்காரர்கள். ஐம்பது வயதில் பொண்டாட்டியோடு இந்தக் கோலத்தில் போய் இறங்கினால் என்ன பேசுவார்கள் என்று மனசு அரிக்க ஆரம்பித்தது. சிவகாசி பஸ் ஸ்டாண்டு அருகில் நிறுத்தினேன்.

"இனிமே ரோடு மோசம். நீ ஆட்டோவுல வந்துரு."

அப்போதுதான் போட்ட தார் ரோடு. சாந்தி அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரிங்க" என்று இறங்கிக்கொண்டாள்.

பின் சீட்டைக் காலியாக வைத்து இந்தச் சைக்கிளை ஓட்டினால் ஊரே திரும்பிப் பார்க்கும். "அண்ணாச்சி, பின்னால ஆளு விழுந்துருச்சு!" என்று டீக்கடையில் ஒருவர் கத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன்.

மாமா வாசலில் பாதித் தெரு நின்றிருந்தது. வீடியோ எடுக்க மாமா கையில் போன்.

"ஏலே, எங்கல மருமக? நீங்க ரெண்டு பேரும் மிதிச்சு வாறதப் பாக்கணும்னுதான உங்க அத்தை அம்புட்டுப் பேரையும் கூட்டி வச்சிருக்கா!"

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். பத்து நிமிடத்தில் ஆட்டோ வந்தது. "எனக்குக் கால் வலி மாமா, நான்தான் ஆட்டோவுல வாரேன்னேன்" என்று இறங்கும்போதே சொன்னாள் சாந்தி. அந்த இடத்தில் நான் செத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு டியூப் அவசியம். ஏழு முதல் எட்டரை வரை வேன்கள் வேகமாக வரும். இடது ஓரமாகவே போங்கள். பிரேக்கும் ஹேண்டிலும் முன்னால் இருப்பவர் கையில்தான். பின்னால் ஏறுகிறவர் அவரை நம்பித்தான் ஏறுகிறார். நான் அதற்கு லாயக்கில்லாமல் நடந்துகொண்டேன், வேறென்ன சொல்ல.

மாலை நாலு மணிக்குத் திரும்பக் கிளம்பினோம். தெரு மறுபடியும் வாசலுக்கு வந்துவிட்டது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "ஏறு" என்றேன். சாந்தி பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், கேலி எதுவும் இல்லாமல் கேட்டாள்:

"இங்கனயே ஏறவா, இல்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோவுல வந்துரவா?"