யார் முதலில் அடிப்பது?

மகளின் கராத்தே வகுப்புக்கு வெளியே, கிள்ளானில், கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தபடி காத்திருந்தேன். கஞ்சி போட்ட கராத்தே சட்டைக் கைகள் படாரென ஒலித்ததும் நான் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது.

அப்பா கற்றது பழைய ஒக்கினாவா முறை. தற்காப்புக்கு மட்டுமே கை ஓங்குவார். சித்தப்பா பழகியது புதிய போட்டிக் கராத்தே. குதித்துக் குதித்துப் புள்ளி எடுப்பார். மாமாவுக்கோ ஜப்பானிய மரபு முறை. தாழ்ந்து நிற்பதும் குனிந்து வணங்குவதும்தான் அவருக்கு உயிர்.

என்னை எந்த முறையில் சேர்ப்பது என்ற வாக்குவாதம் முற்றி, ஒரு ஞாயிறு மாலை அப்பாவும் சித்தப்பாவும் வாசலில் மோதத் தயாராக நின்றார்கள். மாமா நடுவர். அக்கம்பக்கத்தார் வேலியோரம் கூடிவிட்டார்கள்.

அப்பா அசையவில்லை. "நான் முதல்ல அடிக்க மாட்டேன்டா. எங்க கராத்தேல அது தப்பு."

"நடுவர் சொல்லாம நானும் ஆரம்பிக்க முடியாதுலா, அண்ணே," என்றார் சித்தப்பா.

மாமா இன்னும் நான்கு பக்கமும் வணங்கிக்கொண்டிருந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் கலைந்தது. துணி எடுக்க ஓடி வந்த அம்மா மூவரையும் பார்த்து, "இன்னுமா ஆரம்பிக்கல?" என்றார்.

மறுவாரமே அம்மா என்னை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டார்.

கதவு திறந்து மகள் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாள். "மா, என் கிக் சரியா இருந்துச்சா?"

"சூப்பர்லா!" என்றேன், ஒன்றும் புரியாமல்.