சேவகன் எதற்கு

சங்கீத நாடகத்தில் சேவகன் வேஷம் எதற்கு என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். அதைத் தவிர வேறு வேஷம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ்காரர்கள் சேர்ந்து நடத்திய சபா எங்களுடையது. ராஜபார்ட் என் மச்சான், அக்கா புருஷன். வாரம் முழுக்க எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர், நாடகத்தன்று கிரீடம் வைத்துக்கொள்வார். ராணி வேஷம் கட்டுகிறவர் தபாலாபீஸ் ஆள். அவரை மீசை எடுக்கச் சம்மதிக்க வைப்பது ஒவ்வொரு முறையும் பெரும்பாடு. நான் ஈட்டியோடு வந்து, "மகாராஜா! மந்திரியார் வருகிறார்!" என்று சொல்லிவிட்டு ஓரமாக நிற்பேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்த ஒரு வரி போதும் என்று சபாவில் நினைத்திருக்கலாம்.

ஆனால் அந்த வரியை எப்போது சொல்வது என்பதில்தான் விஷயம் இருந்தது. எங்கள் ஜனங்களுக்குப் பாட்டுப் பிடித்துவிட்டால் "ஒன்ஸ்மோர்!" என்று கத்துவார்கள். கத்தினால் பாடியே ஆகவேண்டும். பாடாவிட்டால் மரியாதை கெட்டுவிடும். நாலு தடவை கேட்டால் நாலு தடவை. ராஜாவே தானாக நிறுத்தவும் முடியாது. சேவகன் மேடைக்கு வந்து யாரோ வருவதாகச் சொன்னால்தான் கதை நகரும், கூட்டமும் விட்டுவிடும். மச்சானுக்குத் தொண்டை கட்டினால் இடுப்புப் பட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். அதைப் பார்த்ததும் நான் நுழைவேன். நாடகப் புத்தகத்தில் இதெல்லாம் கிடையாது.

அந்த வருஷம் சபாவுக்குப் புதுக் காரியதரிசி வந்தார். ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. நேரம் தவறாதவர், சிரிப்பும் வராதவர். மந்திரி வேஷத்தையும் அவரே எடுத்துக்கொண்டார். கிள்ளானிலிருந்து நாடகம் பார்க்க வருகிறவர்கள் ரயிலைப் பிடித்துத் திரும்ப வேண்டும், அதனால் நாடகத்தைச் சுருக்கப் போகிறேன் என்றார். இரண்டாம் ஒத்திகையிலேயே என்னிடம் வந்தார்.

"ஒரே ஒரு வரி சொல்றதுக்கு ஒரு ஆளு, அவனுக்கு ஒரு ஈட்டி, ஒரு தலைப்பாகை. எதுக்கு? மந்திரி வர்றது ராஜாவோட கண்ணுக்குத் தெரியாதா?"

"தெரியும் கிராணியாரே. ஆனா நீங்கதான் மந்திரின்னு ஜனங்களுக்கு யாராச்சும் சொல்லணும்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு ஒன்ஸ்மோர் சங்கதியை நிஜமாகவே விளக்கிச் சொன்னேன். "வேஷம் போயிடும்னு கதை விடறான்" என்று நகர்ந்துவிட்டார். ஒத்திகையில் கூட்டமா இருக்கிறது, கத்திக் காட்ட? எல்லாப் பாட்டும் ஒரே தடவையில் முடிந்தது. என் வேஷமும் தோழி வேஷமும் போயின. என்னைத் திரை இழுக்கச் சொன்னார்கள்.

மச்சானுக்கு அதைவிடப் பெரிய கவலை. போன நாடகத்தில் கடைசிப் பாட்டில் அவருக்குக் குரல் உடைந்திருந்தது. கரிப்புகை சும்மா விடுமா? கிராணி நேராகவே சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா அடுத்த நாடகத்துக்கு வேற ராஜபார்ட் பாத்துக்குவோம்."

"நீ இல்லாம எப்படிடா?" என்று மச்சான் என்னிடம் கேட்டார்.

"சுலபம். நல்லாப் பாடாதீங்க, யாரும் ஒன்ஸ்மோர் கேக்க மாட்டாங்க."

"வெளையாடாதடா. எஞ்சின்ல ஒவ்வொருத்தனும் என்னை டேய்ங்கறான். இங்க ஒருத்தனாச்சும் மகாராஜான்னு கூப்பிடறான். அதுவும் போயிடும்."



நாடகம் ஞாயிறு மாலை. கிள்ளான்காரர்கள் முன் பெஞ்சுகளை மொத்தமாகப் பிடித்துவிட்டார்கள். தர்பார் காட்சியில் மச்சான் முதல் பாட்டு பாடினார். நன்றாகவே பாடித் தொலைத்தார்.

"ஒன்ஸ்மோர்!"

மறுபடி பாடினார். மறுபடி கேட்டார்கள். மூன்றாம் தடவை மேலே போகும்போது குரலில் மணல் விழுந்தது போலிருந்தது. பழக்க தோஷம், இடுப்புப் பட்டையை இழுத்தார். யாரும் வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். முன் பெஞ்சில் மறுபடி "ஒன்ஸ்மோர்!" ஆர்மோனியக்காரர் சுதி பிடித்துவிட்டார். இப்படியே போனால் கடைசிப் பாட்டுக்குத் தொண்டையில் ஒன்றும் மிச்சமிருக்காது.

திரைக்கயிற்றை ஆணியில் சுற்றினேன். மூலையில் சாத்தியிருந்த மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு, போட்டிருந்த காக்கி அரைக்கால்சட்டையோடு மேடைக்குப் போனேன்.

"மகாராஜா! மந்திரியார் வருகிறார்!"

கூட்டம் என் முழங்காலைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் பாட்டு நின்றது. எல்லார் கண்ணும் மந்திரி வரும் பக்கம் திரும்பியது. மந்திரி வரவில்லை. அவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன். கிராணி ஓடி வந்தார். மீசை ஒரு பக்கம்தான் ஒட்டியிருந்தது.

முன் பெஞ்சில் எவனோ எழுந்து, "மந்திரி ஒன்ஸ்மோர்!" என்றான். கூரை அதிர எல்லாரும் கத்தினார்கள். கேட்டால் செய்யத்தானே வேண்டும்? கிராணி என்னை முறைத்துக்கொண்டே வெளியே போனார். நான் மறுபடி அறிவித்தேன். மறுபடி வந்தார்.

இதற்குள் மச்சான் சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டார். "சேவகா! தாகத்துக்கு ஏதாவது கொண்டு வா!" என்று நாடகக் குரலிலேயே ஆணையிட்டார். உள்ளே சூடாக இருந்தது கிராணியின் மிச்சக் கோப்பிதான். கொண்டுபோய்க் கொடுத்தேன். மகாராஜா கண்ணை மூடிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். மந்திரி பாதி மீசையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பின் ஒவ்வொரு பாட்டுக்கும் நான் மேடைக்குப் போனேன். தூதன் வருவதாகச் சொன்னேன், மழை வருவதாகச் சொன்னேன், ஒருதரம் வாய்க்கு வந்தபடி மாமனார் வருவதாகக்கூடச் சொன்னேன். கிராணி தடுக்கவில்லை. மீசையின் அடுத்த பாதியை ஒட்டுவதற்கே அவருக்கு நேரம் பற்றவில்லை.

கடைசிப் பாட்டு, ராஜாவும் ராணியும் பிரிகிற இடம். ஓரிடத்தில் குரல் லேசாகப் பிசிறியது. சமாளித்து மேலே ஏறி, அங்கேயே நின்று, மெதுவாக இறங்கினார். ஒன்ஸ்மோர் கேட்டார்கள். இரண்டாம் தடவையும் முழுதாகப் பாடினார். மூன்றாவது கேட்பதற்குள் நான் திரையை இறக்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வேஷம் பிரித்தார்கள். கிராணி தலையை நிமிர்த்தாமல், "ராஜபார்ட்டு நீங்களே கட்டுங்க" என்றார்.

மச்சான் உடனே சரி என்று சொல்லவில்லை. "சேவகன் இருக்கானா?"

"இருக்கான்."

"எத்தன பேரு?"

கிராணி வேஷப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தார். "ரெண்டு" என்றார்.

"அப்ப சரி."

இரண்டாவது சேவகனாகக் குவாட்டர்ஸில் எங்களுக்கு எதிர்வீட்டுக்காரனைப் போட்டார்கள். ஈட்டி ஒன்றுதான் இருந்தது. யார் பிடிப்பது என்று அன்றைக்கே எங்களுக்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.